நோன்பும் பெருநாளும்: மலங்கரைப் பள்ளிகளின் ஓராண்டு

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்கின்ற நமக்குக் கேரளத்தார் அண்டை வீட்டாராக வாய்ப்பது வழக்கமாகிவிட்டது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிலாயிலும், நாம் முருங்கைக்காயும் வாழையிலையும் தேடிச் செல்லும் கடைக்கே அவர்களும் வருகின்றனர். ஓணத்துக்கு அவர்கள் வீட்டுப் பாயசம் நமக்கு வருகிறது. பொங்கலன்று நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அவர்களுக்குப் போகிறது. அவர்களுள் கிறிஸ்தவர்களாக இருப்போரின் வீட்டிலிருந்து டிசம்பர் 25 அன்று கேக் வருகிறது. அதனை உண்டு மகிழும் நாம், அந்தக் கேக்குக்கு முன்னே அவ்வீட்டில் 25 நாள் நோன்பு ஒன்று நடந்து முடிந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பெருநாள் தெருவுக்குத் தெரிகிறது. நோன்போ சமையலறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரது பள்ளிகளில் ஓராண்டுக் காலம் நோன்பாலும் பெருநாளாலும் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதாகும். அண்டை வீட்டாரை அறிந்துகொள்வது நல்லதே. அதற்கும் மேலாக, ஊரை விட்டு வந்த நமக்கென்று இதில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. ஒரு குடும்பம் ஊர் விட்டு ஊர் போகும்போது பெருநாள் மூட்டையோடு மூட்டையாகக் கூடவே வந்துவிடுகிறது. நோன்பு பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கிவிட்டால் நாம் இழப்பது என்ன? இதனை மனத்தில் கொண்டு அவர்களது ஆண்டைச் சுற்றி வருவோம்.

முதலில் இச்சபையார் யாவர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமா, கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கினார் என்பதும், பின்னர் நம் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பதும் அவர்களிடையே வழிவழி வரும் நம்பிக்கை. எழுத்துச் சான்று என்று பார்த்தால், கி.பி. 849இல் வேணாட்டு மன்னர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகள் இன்றும் உள்ளன. அவை வட்டெழுத்தில், பழந்தமிழ் கற்றோர் பெரிதும் இடர்ப்படாமல் பொருள் காணத்தக்க மொழியில் அமைந்தவை. 1653இல் மட்டாஞ்சேரியில் எடுக்கப்பட்ட கூனன் சிலுவைச் சத்தியத்தால் இவர்களில் பெரும்பகுதியினர் போர்த்துகீசியரது ஆதிக்கத்தை உதறினர். 1665இல் மேற்காசியாவிலிருந்து மார் கிரிகோரியோஸ் என்னும் ஆயர் வந்து சேர்ந்தார். அது முதலாக அந்தியோக்கியாவின் சுரியானி வழிபாட்டு முறை மெல்ல மெல்ல இங்கே வேரூன்றிற்று. எகிப்து, எத்தியோப்பியா, ஆர்மேனியா, சிரியா ஆகிய நாடுகளின் பழஞ்சபைகள் இவர்களுக்கு உறவுச் சபைகள். இன்று இவர்கள் ஆர்த்தடாக்ஸ் என்றும் யாக்கோபாயர் என்றும் இரு பிரிவினராக நிற்கின்றனர். வழக்கு மன்றம் வரை சென்ற பிணக்குகளும் உண்டு. ஆயினும் நோன்புக் கணக்கும் பெருநாள் கணக்கும் இரு சாராருக்கும் அடிப்படையில் ஒன்றே.

இவர்களது சமயச் சொற்களைக் கேட்கும் தமிழனுக்கு ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. கோயிலை இவர்கள் 'பள்ளி' என்கின்றனர். சமண, பௌத்த வழிபாட்டிடங்களுக்கு நம் முன்னோர் வழங்கிய அதே சொல். விரதம் 'நோம்பு', நம் நோன்பேதான். திருவிழா 'பெருநாள்'. நெற்றி நிலத்தில் படுமாறு விழுந்து வணங்குவது 'கும்பிடீல்'. பாவை நோன்பு என்று வைணவர் சொல்வதும், ரமலான் நோன்பு என்று இஸ்லாமியர் சொல்வதும், வலிய நோம்பு என்று இந்தச் சுரியானிக் கிறிஸ்தவர் சொல்வதும் ஒரே சொல்லின் வழக்குகளே. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் 'நோன்புப் பெருநாள்' என்று சொல்கையில் இவ்விரு சொற்களும் கைகோத்து நிற்கின்றன. நோன்பின் முடிவில் வருவதே பெருநாள் என்னும் கருத்து அந்தச் சொற்றொடரிலேயே பதிந்து கிடக்கிறது.

இனி அவர்களது ஆண்டின் அளவைப் பார்ப்போம். சபை விதித்த நோன்புகள் ஐந்து. கிறிஸ்து பிறப்புக்கு முன் 25 நாள். நினிவே நோன்பு 3 நாள். உயிர்த்தெழுதலுக்கு முன் வலிய நோன்பு 50 நாள். ஜூன் மாதத்தில் அப்போஸ்தலர் நோன்பு 13 நாள். ஆகஸ்டில் மரியன்னையின் விண்ணேற்றத்தை முன்னிட்டு 15 நாள். கூட்டினால் 106 நாட்கள். இவற்றோடு வாரந்தோறும் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்களே. நோன்புக் காலத்துக்குள் வரும் புதன், வெள்ளிகளையும், விலக்களிக்கப்பட்ட சில வாரங்களையும் கழித்துப் பார்த்தாலும், ஆண்டில் ஏறத்தாழ 160 நாட்கள் நோன்பாகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றை விலக்குவது முறையான நோன்பு. சிலர் நண்பகல் வரையிலோ மாலை வரையிலோ ஒன்றும் உண்ணாதிருப்பர். நோயாளரையும் கருவுற்றோரையும் சிறு குழந்தைகளையும் வருத்துவது நோன்பின் நோக்கமன்று. எல்லோரும் எல்லா நோன்பையும் ஒரே கண்டிப்புடன் கைக்கொள்கின்றனர் என்றும் கூறுவதற்கில்லை. எனினும் அளவுகோல் அது. அதை வைத்தே பள்ளியின் ஆண்டு நடக்கிறது.

அவர்களது வழிபாட்டு நாள் மாலையில் தொடங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். சனிக்கிழமை விளக்கு வைக்கும் வேளையிலேயே ஞாயிறு பிறந்துவிடுகிறது.

ஆண்டு பிறப்பது ஜனவரியில் அன்று. அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில். அதற்குக் 'கூதோஷ் ஈத்தோ' என்று பெயர். சபையைப் புனிதப்படுத்தும் நாள் என்பது பொருள். அடுத்த ஞாயிறு 'ஹூதோஷ் ஈத்தோ', சபையைப் புதுப்பிக்கும் நாள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கதையின் ஒரு படியாக அமைகிறது. சகரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்னது, மரியாளுக்குச் சொன்னது, மரியாள் எலிசபெத்தைக் காணச் சென்றது, யோவான் பிறந்தது, யோசேப்புக்கு உண்மை விளங்கியது என ஞாயிறுதோறும் ஒரு நிகழ்ச்சி வாசிக்கப்படும். டிசம்பர் 1 முதல் நோன்பும் சேர்ந்துகொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவ்வாறு வாரம் ஒரு நிகழ்ச்சியாகத் தம் சமய வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டுவிடுகின்றனர்.

கிறிஸ்து பிறப்பு விழாவைச் சுரியானி மொழியில் 'எல்தோ' என்பர். எல்தோ என்று பெயர் கொண்ட நண்பர் நம்மில் சிலருக்கு இருக்கலாம். அப்பெயரின் பொருள் இதுவே. அன்று விடியற்கு முன்பே வழிபாடு தொடங்கும். பள்ளிக்கு வெளியே குழி அமைத்து அதில் தீ வளர்ப்பர். ஆட்டிடையர் குளிர்காய்ந்த தீயை அது நினைவூட்டுகிறது. அத்தீயில் மக்கள் குந்திரிக்கத்தையும் காய்ந்த ஓலைத் துண்டுகளையும் இடுவர். அந்த ஓலை, முந்திய குருத்தோலை ஞாயிற்றன்று பள்ளியில் பெற்று வீட்டில் பத்திரமாக வைத்திருந்த குருத்தோலை. மார்ச்சிலோ ஏப்ரலிலோ பச்சையாகப் பெற்றதை டிசம்பரில் சருகாகத் தீயிலிடுகின்றனர். ஆண்டின் ஒரு முனையை மறுமுனையோடு முடிச்சிடுவதற்கு இதைவிட எளிய வழி வேறு வேண்டுமோ?

ஜனவரி 6 'தனஹா', அதாவது இயேசுநாதர் யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்ற நாள். அதன்பின் சில வாரங்களில் நினிவே நோன்பு வருகிறது. வலிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னதாக, திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள். யோனா என்னும் இறைவாக்கினர் கடிந்துரைத்தபோது நினிவே நகரத்தார் அரசன் முதல் ஆண்டி வரை, கால்நடைகள் உட்பட, உண்ணாதிருந்து மனம் வருந்தினர் என்பது பழைய ஏற்பாட்டுக் கதை. அந்த நினிவேயின் இடிபாடுகள் இன்றைய ஈராக் நாட்டு மோசுல் நகரில் உள்ளன. ஒரு நகரம் முழுவதும் சேர்ந்து நோற்ற நோன்பு என்பதே அதன் சிறப்பு.

நினிவே நோன்பை அடுத்து வரும் ஞாயிறுகளில் இறந்தோரை நினைக்கின்றனர். முதலில் மறைந்த குருமாரை. அடுத்து, மறைந்த மக்கள் அனைவரையும். பின்னதற்கு 'ஆனீதே' ஞாயிறு என்று பெயர். அன்று ஊரில் இருப்போர் பள்ளியை ஒட்டிய கல்லறைகளில் விளக்கேற்றித் தூபம் காட்டுவர். பெரிய விரதத்தில் இறங்குமுன் முன்னோரிடம் சொல்லிக்கொண்டு இறங்குவதைப் போன்றது இது. ஆடி அமாவாசையிலும் மகாளய அமாவாசையிலும் நீர்க்கரைக்குச் செல்கின்ற நமக்கு இதன் உட்பொருளை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை.

வலிய நோன்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. முந்திய நாளோடு இறைச்சி உணவு முடிகிறது. மீனும் இறைச்சியும் சமைத்த மண்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து எட்டாத இடத்தில் எடுத்துவைப்பது பழைய இல்லங்களின் வழக்கம். பின்னர் பள்ளியில் 'சுப்கோனோ' என்னும் சடங்கு நடைபெறும். ஒப்புரவு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். குருவானவர் மக்களை நோக்கித் தம் பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுவார். மக்களும் அவரிடம் வேண்டுவர். பின் ஒருவரை ஒருவர் மன்னித்து அமைதி கூறிக்கொள்வர். அண்டை வீட்டானோடு பேச்சு இல்லை, அண்ணன் தம்பியிடையே வேலித் தகராறு என்னும் நிலையில் நோன்பைத் தொடங்கினால் அது வெறும் பட்டினி என்பது அவர்களது கொள்கை. பகையை முதலில் விலக்கவேண்டும். பாலும் மீனும் அதற்கு அடுத்தபடி.

ஐம்பது நாளும் சமையலறை வேறு முகம் கொள்கிறது. கஞ்சியும் பயறும், கிழங்கும், பலாக்காய்ப் புழுக்கும், மாங்காய்ச் சம்மந்தியும் இலைக்கு வருகின்றன. கேரளத்தில் பலாவும் மாவும் காய்க்கும் பருவமும் அதுவே. வார நாட்களில் வழிபாட்டின்போது நாற்பது முறை விழுந்து எழுந்து கும்பிடுவர். சனி, ஞாயிறுகளில் கும்பிடீல் இல்லை. ஞாயிறு எப்போதும் உயிர்த்தெழுதலின் நாள் ஆகையால் நோன்புக் காலத்திலும் அது மகிழ்ச்சியின் நாளே. அந்த ஞாயிறுகளுக்குரிய வாசகங்களும் கருதத்தக்கவை. கானாவூர்த் திருமணத்தில் தொடங்கி, தொழுநோயாளி, முடக்குவாதக்காரன், கானானியப் பெண்ணின் மகள், கூன் விழுந்த பெண், பார்வையற்றவன் என வாரம் ஒருவராகத் துன்புற்றோர் முன்னே வந்து நலம் பெறுகின்றனர். தன் வயிற்றைச் சுருக்கிக்கொள்ளும் காலத்தில் பிறர் துன்பத்தைக் கண்முன் நிறுத்துகிறது சபை. நோன்பில் மிஞ்சிய காசு ஏழைக்கு உரியது என்னும் விதியும் இதனோடு இணைந்தது. நோன்பு, செபம், ஈகை மூன்றும் ஒரே முக்காலியின் கால்கள் என்று கொள்ளலாம்.

நோன்பின் நடுவில் வரும் புதன் 'பாதி நோம்பு'. அன்று பள்ளியின் நடுவே சிலுவையை நாட்டுவர். பாதி வழி வந்துவிட்டோம், இனி இறுதியை நோக்கி நட என்று சொல்லும் வழிக்கல் போன்றது அது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நம்மைப் புன்னகைக்க வைக்கும். அது 'கொழுக்கட்டைச் சனி'! தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்த அரிசிமாவுக் கொழுக்கட்டையை அன்று வீடுதோறும் செய்கின்றனர். பெத்தானியாவில் இயேசுநாதருக்கு மார்த்தாளும் மரியாளும் அளித்த விருந்தின் நினைவு என்று அதற்குக் காரணம் கூறுவர். பிள்ளையாருக்கு நாம் படைப்பதும் அவர்கள் மார்த்தாளின் பெயரால் செய்வதும் ஒரே பண்டம். பால் இல்லை, முட்டை இல்லை. ஆகவே நோன்பை முறிக்காமலே அது விருந்தாகிறது. மறுநாள் குருத்தோலைகளை ஏந்திப் பள்ளியைச் சுற்றி வருகையில், 'ஓசானா' என்னும் குரல் எழும்போதெல்லாம் சிறுவர் பூக்களை அள்ளி வீசுவர்.

அடுத்த வியாழன் 'பெசஹா'. மாலையில் வீட்டுத் தலைவர் புளிக்காத அரிசி அப்பத்தைப் பகிர்ந்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய 'பால்' உடன் வயது முறைப்படி அளிப்பது மலையாள நாட்டுத் தோமா கிறிஸ்தவர் பலரது இல்ல வழக்கம். அப்பத்தின்மேல் குருத்தோலையால் சிலுவை வைத்திருப்பர். ஓராண்டுக்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. அண்டை வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பர். துக்கம் நேர்ந்த வீட்டில் பொங்கல் வைக்காததும், உறவினர் பலகாரம் கொண்டுபோவதும் நம் ஊர்களிலும் உள்ள வழக்கமன்றோ?

பெரிய வெள்ளியன்று வழிபாடு காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீள்கிறது. 'குரியேலாயிசோன்' என்னும் வேண்டுதல் மீண்டும் மீண்டும் ஒலிக்க, மக்கள் விழுந்து விழுந்து வணங்குவர். 'ஆண்டவரே, இரங்கும்' என்பது அதன் பொருள். சிலுவையில் அளிக்கப்பட்ட காடியின் நினைவாகப் பாகற்காய்ச் சாறோ காடியோ ஒரு வாய் அருந்துவர். பின்னர் பள்ளி வளாகத்திலேயே கஞ்சியும் பயறும். செல்வரும் ஏழையும் ஒரே வரிசையில், ஒரே கஞ்சி. அதிலிருந்து மூன்றாம் நாள், விடியற்கு முன் இருளில், உயிர்த்தெழுதலின் அறிவிப்பு எழுகிறது. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் கணக்கில் ஈஸ்டரைக் குறிப்பதால் அவர்களது நாள் பல ஆண்டுகளில் பிந்தி வரும். மலங்கரைச் சபையினர் கிரிகோரியன் கணக்கைக் கொண்டவர்கள். ஆகவே அவர்களது ஈஸ்டரும் நம் நாட்டின் பிற கிறிஸ்தவர்களது ஈஸ்டரும் ஒரே நாளில் அமைகின்றன.

இதற்கடுத்த ஐம்பது நாட்கள் கருதத்தக்கவை. பெந்தகோஸ்து வரையில் கும்பிடீல் இல்லை. புதன், வெள்ளி நோன்பும் இல்லை. ஐம்பது நாள் நோன்புக்கு ஈடாக ஐம்பது நாள் மகிழ்ச்சி. மகிழ்வதையும் விதியாக வைத்திருக்கிறார்கள் என்றால் பொருந்தும். கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் புனித ஜார்ஜின் பெருநாள் இக்காலத்தில், மே மாதத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. விருந்து சமைக்க வேண்டிய விறகை ஊரார் ஊர்வலமாகச் சுமந்து வருவது அப்பெருநாளின் ஒரு காட்சி. விருந்தை உண்பவர் அனைவரும் அதன் விறகிலும் பங்கு கொள்கின்றனர்.

பெந்தகோஸ்தன்று முழந்தாளிடுதல் மீண்டும் தொடங்குகிறது. ஜூன் 16 முதல் 29 வரை அப்போஸ்தலர் நோன்பு. ஜூலை 3 தோமாவின் நினைவு நாள். ஆகஸ்டு 1 முதல் 15 வரை மரியன்னையின் நோன்பு. அதன் நடுவே ஆறாம் நாள், இயேசுநாதர் மலைமேல் ஒளியுருவம் கொண்ட விழா. அங்கே கூடாரங்கள் அமைக்கலாமா என்று பேதுரு கேட்டதை வைத்து அதனைக் 'கூடாரப் பெருநாள்' என்கின்றனர். செப்டம்பர் 1 முதல் 8 வரை 'எட்டு நோம்பு'. இது விதித்த ஐந்து நோன்புகளுள் அடங்காதது. ஆயினும் பெண்கள் பெரிதும் விரும்பி நோற்பது. மணர்காடு மரியன்னை பள்ளியில் அந்த எட்டு நாளும் பெருங்கூட்டம் கூடும். செப்டம்பர் 8 மரியன்னை பிறந்த நாள். நம் வேளாங்கண்ணித் திருவிழா நிறைவு பெறுவதும் அதே நாளில்தான்.

ஆண்டு முடியும் தறுவாயில் இரண்டு பெருநாட்கள். கோதமங்கலத்தில் கன்னி மாதம் 20ஆம் நாள், அக்டோபர் தொடக்கத்தில், மேற்காசியாவிலிருந்து வந்து 1685இல் அங்கே காலமான பசேலியோஸ் எல்தோ என்னும் முதியவரின் நினைவு நாள். வழி தெரியாது வந்தவருக்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்த நாயர் ஒருவர் வழி காட்டினார் என்பது செவிவழிச் செய்தி. அந்த நாயர் குடும்பத்தாரே இன்றும் ஊர்வலத்தில் விளக்கேந்தி முன் செல்கின்றனர். மற்றொன்று, பம்பையாற்றங்கரையில் பருமலைப் பெருநாள். 1902 நவம்பர் 2 அன்று மறைந்த கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ் ஆயரை, 1947இல் சபை புனிதராக அறிவித்தது. பல ஊர்களிலிருந்து மக்கள் நடந்தே அங்கே வந்து சேர்கின்றனர். அத்தோடு அடுத்த ஆண்டின் கூதோஷ் ஈத்தோ வந்துவிடுகிறது.

இவ்வாறு ஓர் ஊரின் நடுவே, பரம்பரைக் கல்லறைகளுக்கு அருகே, பலா மரத்தின் நிழலில் அமைந்த ஆண்டு இது. இதனைப் பெட்டியில் வைத்துத் தில்லிக்கு எடுத்துச் செல்லும்போது என்ன நேர்கிறது?

தில்லி ஹௌஸ்காஸ் பகுதியில் மரியன்னையின் பெயரால் இவர்களது பெரும்பள்ளி ஒன்று உள்ளது. மற்ற நகரங்களிலும் இவர்களது பள்ளிகள் உண்டு. ஆனால் மைய அரசின் விடுமுறைப் பட்டியல் இந்த ஆண்டு முழுவதிலும் பெரிய வெள்ளியையும் கிறிஸ்துமஸையுமே அறியும். கேரளத்தில் பெசஹா வியாழன் விடுமுறை. வடக்கே அன்று அலுவலகம் உண்டு. கிழமை நாளில் வரும் விழாவை அடுத்த ஞாயிறுக்கு மாற்றவேண்டியிருக்கிறது. ஆனீதே ஞாயிறன்று விளக்கேற்றக் கல்லறை அருகில் இல்லை. மறைந்தோரின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, வழிபாட்டில் நினைக்கச் செய்வதோடு நிறைவு கொள்ளவேண்டும்.

இந்நிலையில் பெருநாள் குன்றவில்லை, வளரவே செய்கிறது. நகரப் பள்ளிகளில் 'ஆத்யபலப் பெருநாள்' என்னும் முதற்பலன் விழா வெகு சிறப்பாக நடைபெறுகிறது. உணவுக் கடைகளும் ஏலமும் கலை நிகழ்ச்சியுமாக வளாகம் நிறைகிறது. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. சிதறி வாழ்வோர் ஒருவரை ஒருவர் காண அது வாய்ப்பளிக்கிறது. ஆயினும் நோன்பு அவ்வாறு வளர்வதில்லை. அதற்கு மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, விருந்தினர் இல்லை. அலுவலக உணவகத்தில் நண்பர் ஐவர் இறைச்சி உண்ண, தான் ஒருவன் மட்டும் புதன்கிழமை என்று விலக்குவது எளிதன்று. ஊரில் எந்த வீட்டிலும் மீன் பொரிக்கும் மணம் எழாத நாளில் நோன்பிருக்கத் தனி உறுதி வேண்டியதில்லை, ஊரே சுமந்துகொள்ளும். நகரில் அதே சுமையைத் தனியொருவன் தலையில் ஏற்றவேண்டியிருக்கிறது. அதனால்தான் அது முதலில் நழுவுகிறது.

இதற்கு அவர்கள் கண்டுள்ள வழிகளும் உண்டு. நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வீடு வீடாக மாலைச் செபக் கூட்டம் வைத்துக்கொள்கின்றனர். நோன்புக் கால வழிபாட்டை அலுவலகம் முடிந்த நேரத்தில் அமைக்கின்றனர். பெரிய வெள்ளிக் கஞ்சியை மட்டும் எந்த ஊரிலும் விடுவதில்லை. பத்து வீடுகள் சேர்ந்தால் அங்கே சிறிய ஊர் ஒன்று உண்டாகிவிடுகிறது. ஊர் உண்டானால் நோன்பும் நிற்கிறது.

நேயர்களே, இப்பொழுது நம் வீட்டைப் பார்ப்போம். பொங்கலைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் விடுமுறை நாள் பார்த்துச் சிறப்பாகவே நடத்துகிறோம். கரும்பு கிடைக்காத ஊரிலும் தேடிப்பிடித்துக் கொண்டுவருகிறோம். அதற்கு முந்திய மார்கழியின் விடியற்காலைகள் எங்கே போயின? திருப்பாவையில் வரும் பெண்கள் நெய்யும் பாலும் நீக்கி நோற்ற பிறகே, நெய் வழியும் பாற்சோற்றுக்கு வருகின்றனர். நாம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டோம், நோற்பதை விட்டோம். கந்த சஷ்டியின் ஆறு நாட்களும், புரட்டாசிச் சனியும், கிறிஸ்தவரின் தவக்காலமும் நம் குழந்தைகளுக்குப் பாட்டி சொல்லும் செய்திகளாகத் தேய்ந்துவருகின்றன. பெருநாள் அன்று மட்டும் ஒரு குழந்தைக்கு இனிப்பைக் கொடுத்தால், அது அவனுக்கு மற்றோர் இனிப்பு, அவ்வளவே. முப்பது நாள் காத்திருந்து அதனைப் பெறும் குழந்தைக்கோ, அந்தச் சுவையோடு அந்தக் காலமும், அந்த வீட்டில் உடனிருந்தோர் முகங்களும் மனத்தில் பதிகின்றன. காத்திருத்தலைக் கற்பிப்பது நோன்பு. காத்திருக்கக் கற்றவனுக்கே பெருநாள் முழுமையாகக் கிடைக்கிறது.

சமய நம்பிக்கை இல்லாதவர்க்கும் இதில் இடமுண்டு. ஆண்டில் சில நாட்களேனும், வேண்டியதை வேண்டாம் என்று ஒரு குடும்பம் சேர்ந்து சொல்லிப் பழகுவதும், அதனால் மிஞ்சியதை இல்லாதவர்க்குக் கொடுப்பதும் எவர்க்கும் உரிய ஒழுக்கமே.

எல்லா நோன்பையும் ஒரே ஆண்டில் மீட்கவேண்டும் என்பதில்லை. அவரவர் வழியில் உள்ளது எதுவோ, அதில் ஒன்றை, அதுவும் சிறியதை, தேர்ந்துகொள்ளலாம். தனியாகத் தொடங்காமல், அதே ஊரில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்களோடு பேசி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. சமையலறையில் நாட்காட்டி தொங்குகிறதல்லவா? அதில் அரசு அச்சிட்ட சிவப்பு நாட்கள் இருக்கட்டும்; நம் கையாலேயே சில நாட்களைச் சுற்றி ஒரு வட்டமிடுவோம். அடுத்த வீட்டுக் கேரள அம்மையார் டிசம்பர் 25 அன்று கேக் கொண்டுவரும்போது, "நோன்பு நல்லபடியாக முடிந்ததா, சேச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அவர் மகிழ்வார், அடுத்த மாதம் நம் மார்கழியும் முடிகிறது, அப்போது அவரும் நம்மைக் கேட்கக்கூடும். கேட்டால் விடை சொல்ல நம்மிடமும் ஒரு நோன்பு இருக்கவேண்டும்.